நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ் சார்ட்டுக்குக் கோடு போடுவது எப்படி? புதிய கோடர்களுக்கு ஒரு வழிகாட்டி

நோயாளியின் மருத்துவ ஆவணமான சார்ட்டைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோடுகளைப் போடுபவர் கோடர். சார்ட்டில் 'நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ்' (தசையைப் போர்த்திய ஃபேசியா என்ற உறை வேகமாக அழுகும் தொற்று) என்ற சொல்லைக் கண்டதும் புதிய கோடரின் கை கோடுகளின் அகரவரிசைப் பட்டியலான இண்டெக்ஸுக்குப் போகும். எம்72.6 என்று குறித்துக்கொள்வார். கோடு சரிதான். ஆனால் வேலை அங்கே முடிவதில்லை, தொடங்குகிறது. இந்த நோயாளி வெறும் சதை அழுகலோடு வருவது அபூர்வம். செப்சிஸ் (தொற்று உடல் முழுவதையும் பாதிக்கும் நிலை) இருக்கும், சிறுநீரகம் தடுமாறும், சர்க்கரை எகிறியிருக்கும். ஒரே வாரத்தில் பலமுறை ஆப்பரேஷன் அறைக்குப் போய் வந்திருப்பார். எது முதல் கோடு, எது துணைக் கோடு, எதற்கு மருத்துவரிடம் கேள்வி அனுப்ப வேண்டும் என்று புரியாமல் நான் இந்த வகை சார்ட்டுகளில் மிகவும் திணறியிருக்கிறேன். நெறிமுறைகள் ஓரிடத்தில், கோடுகளை எண் வரிசையில் தரும் டேபுலர் பட்டியலின் குறிப்புகள் ஓரிடத்தில், மருத்துவர் எழுதியது வேறிடத்தில் கிடக்கும். இவற்றை ஒரே வரிசையில் வைத்துக் காட்டியிருந்தால் எவ்வளவோ நேரம் மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் இது.

இங்கே சொல்வது அமெரிக்க மருத்துவமனைகளின் இன்பேஷன்ட் (உள்நோயாளி) சார்ட்டுகளுக்கு, அதாவது நோய்களுக்கான ஐசிடி-10-சிஎம், சிகிச்சைச் செயல்முறைகளுக்கான ஐசிடி-10-பிசிஎஸ் முறைக்கு. சர்ஜனின் தனிப் பில்லுக்கான சிபிடி கோடுகள் வேறு கணக்கு. அதையும் உரிய இடத்தில் தொட்டிருக்கிறேன்.

1. உட்காருமுன் என்னென்ன திறந்திருக்க வேண்டும்

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. எமர்ஜென்சி அறைக் குறிப்பு, அட்மிஷனின்போது எழுதிய எச்&பி (நோய் வரலாறும் உடல் பரிசோதனையும்), ஒவ்வொரு ஆப்பரேஷனுக்கும் தனித்தனி ஆப்பரேடிவ் நோட், தொற்றுநோய் நிபுணரின் கன்சல்ட் குறிப்பு, ஐசியு குறிப்புகள், கல்ச்சர் முடிவு, பேத்தாலஜி அறிக்கை, மருந்துப் பட்டியல் எல்லாம் வேண்டும். ஆப்பரேடிவ் நோட் ஒன்று குறைந்தாலும் காத்திருங்கள். நோயாளி நான்கு முறை ஆப்பரேஷன் அறைக்குப் போயிருந்து மூன்று நோட்தான் இருந்தால், அந்த நான்காவதில்தான் தசையையும் வெட்டினார்கள் என்று இருக்கக்கூடும்.

செலவைப் பொறுத்தவரை, ஐசிடி-10-சிஎம் கோடுகளும் அதிகாரபூர்வ நெறிமுறைகளும் சிடிசி (நோய்க் கட்டுப்பாட்டு மையம்), சிஎம்எஸ் (மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டை நடத்தும் அமைப்பு) தளங்களில் இலவசம். பிசிஎஸ் அட்டவணைகளும் அப்படியே. எம்சிசி, சிசி (மருத்துவமனைக்கான தொகையை உயர்த்தக்கூடிய பெரிய சிக்கல்கள், சிக்கல்கள்) முழுப் பட்டியல்கள் ஆண்டுதோறும் வரும் ஐபிபிஎஸ் (மெடிகேரின் உள்நோயாளிக் கட்டண முறை) இறுதி விதியோடு 6ஐ, 6ஜே அட்டவணைகளாக வெளியாகின்றன. அவற்றுக்கும் காசில்லை. சிபிடி அப்படியல்ல. அது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உரிமை, உரிமம் வாங்க வேண்டும். அமெரிக்க மருத்துவமனைச் சங்கத்தின் கோடிங் கிளினிக் இதழுக்கும் சந்தா உண்டு. நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்தின் என்கோடரில் (கோடு தேடும் மென்பொருளில்) இவை பெரும்பாலும் சேர்ந்தே வரும். சொந்தக் காசைப் போடுமுன் அங்கே கேட்டுவிடுங்கள்.

எந்த ஆண்டின் கோடு என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். புதிய ஆண்டுக் கோடுகள் அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வரும். ஏப்ரல் 1 அன்றும் திருத்தம் வரலாம். இன்பேஷன்ட்டுக்கு டிஸ்சார்ஜ் தேதிதான் கணக்கு. செப்டம்பர் 28 அன்று சேர்ந்து அக்டோபர் 3 அன்று வீட்டுக்குப் போனவருக்குப் புதிய ஆண்டின் கோடுகள்தான்.

2. டிஸ்சார்ஜ் சம்மரிக்கு முன்பு ஆப்பரேடிவ் நோட்டைப் படியுங்கள்

வழக்கமாக நாம் சம்மரியில் தொடங்குவோம். இந்த நோய்க்கு அதை மாற்றிக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து. காரணம், எமர்ஜென்சி அறையில் 'செல்லுலைட்டிஸ், நெக் ஃபேஷ் இல்லையென உறுதிசெய்ய வேண்டும்' (செல்லுலைட்டிஸ் ஒரு தோல் தொற்று, நெக் ஃபேஷ் நம் நோயின் சுருக்கப் பெயர்) என்று எழுதிய வரி, நகலெடுத்து ஒட்டப்பட்டு டிஸ்சார்ஜ் வரை உருண்டு வரும். உண்மையில் என்ன இருந்தது என்பது தோலைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு மாதிரிக் குறிப்பு எப்படி இருக்கும் என்று பாருங்கள்: 'தோலைக் கீறியதும் பாத்திரம் கழுவிய நீர்போலக் கலங்கிய, நாற்றமடிக்கும் திரவம் வந்தது. ஃபேசியா சாம்பல் நிறத்தில் இருந்தது. விரலை நுழைத்ததும் தோலடிக் கொழுப்பிலிருந்து தடையின்றிப் பிரிந்தது. ரத்தக் கசிவு இல்லை. கத்தியாலும் கத்தரியாலும் இறந்த தோல், கொழுப்பு, ஃபேசியா ஆகியவற்றை ரத்தம் கசியும் ஓரம் வரை வெட்டி அகற்றினேன். தசை சிவப்பாக இருந்தது, தொட்டதும் சுருங்கியது, அதை வெட்டவில்லை.' இந்த ஒரு பத்தியில் நோயின் அடையாளங்கள், எந்த அடுக்கு வரை, எந்தக் கருவி, வெட்டியதா சுரண்டியதா என்ற எல்லாமே இருக்கிறது.

இன்னொன்று. நோட்டின் மேலே ப்ரீ-ஆப் டயக்னோசிஸ், போஸ்ட்-ஆப் டயக்னோசிஸ் என்று இரண்டு இருக்கும். ப்ரீ-ஆப்பில் நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ், போஸ்ட்-ஆப்பில் 'சீழ்க்கட்டி, ஃபேசியா ஆரோக்கியம்' என்று இருந்தால் முதலாவதை எடுக்கக் கூடாது. ப்ரீ-ஆப் என்பது சந்தேகம். போஸ்ட்-ஆப் என்பது கண்டது. சம்மரி இன்னும் முதலாவதையே பேசிக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் கேள்வி அனுப்பத்தான் வேண்டும்.

3. நோயின் பெயருக்கு ஏற்ற கோடு

ஃபேசியா அழுகியது என்று மருத்துவர் பெயரிட்டு எழுதியிருந்தால் எம்72.6. ஆணின் பிறப்புறுப்பு, விரைப்பை சார்ந்த ஃபோர்னியர் கேங்கிரீன் என்றால் என்49.3. பெண்களுக்கு நீண்ட காலம் இதற்கெனத் தனிக் கோடு இல்லை. 2022 அக்டோபர் 1 முதல் என்76.82 இருக்கிறது. பழைய குறிப்பேட்டை வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

கிளாஸ்ட்ரிடியம் கிருமியால் தசை அழுகி வாயு உண்டானால் ஏ48.0, கேஸ் கேங்கிரீன். சிடி ஸ்கேனில் 'திசுவில் வாயு' என்று ரேடியாலஜிஸ்ட் எழுதியதை மட்டும் வைத்து இதைப் போட முடியாது. பல கிருமிகள் கலந்த ஃபேசியைட்டிஸிலும் வாயு தெரியும். எந்த நோய் என்று சிகிச்சை தரும் மருத்துவர் சொல்ல வேண்டும்.

வெறும் 'கேங்கிரீன்' என்றால் ஐ96 வரை போகலாம், ஆனால் வேறெங்கும் வகைப்படுத்தப்படாத கேங்கிரீனுக்கான கோடு அது. சர்க்கரை நோயாளியின் கேங்கிரீன், கேஸ் கேங்கிரீன் போன்றவற்றுக்குத் தனி வழி உண்டு. செல்லுலைட்டிஸ் என்றால் எல்03 வரிசை, இடம் வாரியாக.

இந்தப் பெயர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் பணத்திலும் தெரியும். எம்72.6, ஏ48.0 இரண்டும் எம்சிசி. ஐ96 சிசி. அதனால்தான் பேயரின் (பணம் தரும் காப்பீட்டாளரின்) ஆடிட்டர் முதலில் கை வைப்பதும் இங்கேதான்.

'நெக்ரோடைசிங் சாஃப்ட் டிஷ்யூ இன்ஃபெக்ஷன்' என்று மட்டும் சர்ஜன் எழுதியிருந்தால்? அது தோல், கொழுப்பு, ஃபேசியா, தசை என எல்லா அடுக்குகளுக்கும் பொதுவாகச் சொல்லும் பெயர். ஆப்பரேடிவ் நோட்டில் ஃபேசியா இறந்திருந்தது என்று வர்ணனை இருந்தாலும், அதை நீங்களே எம்72.6 ஆக மொழிபெயர்க்காதீர்கள். வர்ணனை நோயின் பெயராகிவிடாது. கேள்வி அனுப்புங்கள்.

எல்ரினெக் மதிப்பெண்ணுக்கும் இதுவே விதி. சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்), வெள்ளணுக்கள், ஹீமோகுளோபின், சோடியம், கிரியாட்டினின், சர்க்கரை ஆகிய ஆறையும் வைத்துப் போடும் மதிப்பெண் அது. 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவருக்குச் சந்தேகம் வலுக்கும். கோடருக்கு அது கோடு தராது. கேள்வி கேட்க ஆதாரம் தரும், பின்னால் டினையல் (காப்பீட்டாளரின் மறுப்பு) வந்தால் பதில் எழுதவும் உதவும்.

4. கிருமி

எம்72.6-க்குக் கீழே டேபுலர் பட்டியலில் ஒரு குறிப்பு இருக்கிறது: கிருமியைக் காட்ட பி95, பி96 வரிசையிலிருந்து கூடுதல் கோடு போடு என்று. ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் பி95.0. எம்ஆர்எஸ்ஏ (மெதிசிலினுக்கு மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸ்) என்றால் பி95.62. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் பி96.7. கடல்நீர்க் காயத்தில் வரும் விப்ரியோ வல்னிஃபிகஸ் பி96.82.

கல்ச்சர் அறிக்கையில் கிருமியின் பெயர் இருக்கிறது, மருத்துவர் எங்கும் குறிப்பிடவில்லை என்றால் நீங்கள் போட முடியாது. ஆய்வக முடிவு என்பது புரொவைடரின் (சிகிச்சை தரும் மருத்துவரின்) நோயறிதல் அல்ல. பெரும்பாலும் தொற்றுநோய் நிபுணரின் குறிப்பில் கிடைத்துவிடும், அங்கே தேடுங்கள். பேத்தாலஜி அறிக்கைக்கும் இன்பேஷன்ட்டில் இதே கட்டுப்பாடு உண்டு. பேத்தாலஜிஸ்ட் 'நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ்' என்று எழுதியிருந்து சர்ஜன் எழுதாவிட்டால், கேள்வி அனுப்பாமல் கோடு இல்லை.

5. செப்சிஸ்: பொறுமையாக நிற்க வேண்டிய இடம்

இந்த சார்ட்டின் பிரின்சிபல் டயக்னோசிஸ் (மருத்துவமனையில் சேர முக்கியக் காரணமான நோய், அதுவே முதல் கோடு) எது என்பதை முடிவு செய்வது இந்தப் படிதான். விதி சொல்வதற்கு எளிது. செப்சிஸும் உள்ளூர்த் தொற்றும் சேரும்போதே இருந்தால் செப்சிஸ் கோடு முதலில், எம்72.6 அடுத்து. உள்ளூர்த் தொற்றோடு சேர்ந்து, செப்சிஸ் பிறகு வந்தால் எம்72.6 முதலில். நெறிமுறைகளின் முதல் அத்தியாயப் பகுதியில் செப்சிஸ் தலைப்பின் கீழ் இது இருக்கிறது. அதைக் கண்ணால் படித்துவிடுங்கள், யாரோ சொன்னதை நம்ப வேண்டாம்.

சிக்கல் 'சேரும்போதே' என்பதில்தான். எமர்ஜென்சி அறையில் காய்ச்சல், நாடித் துடிப்பு 128, லாக்டேட் உயர்வு எல்லாம் இருந்திருக்கும். செப்சிஸ் என்ற சொல்லை மூன்றாம் நாள் ஐசியு மருத்துவர்தான் முதலில் எழுதியிருப்பார். சொல் தாமதமாக வந்ததால் நோயும் தாமதமாக வந்ததாகாது. அதேபோல, அறிகுறிகள் முன்பே இருந்தன என்று நீங்களே முடிவு கட்டவும் கூடாது. சேரும்போதே இருந்ததா என்று கேள்வி அனுப்புங்கள். நெறிமுறைகளே அப்படித்தான் சொல்கின்றன.

சிவியர் செப்சிஸுக்கு (உறுப்புகளைப் பாதித்த செப்சிஸுக்கு) குறைந்தது இரண்டு கோடுகள் வேண்டும்: அடிப்படைத் தொற்று, பிறகு ஆர்65.20 அல்லது ஷாக் இருந்தால் ஆர்65.21. ஆர்65.2 வரிசை ஒருபோதும் பிரின்சிபல் ஆகாது. அடுத்து, பாதிக்கப்பட்ட உறுப்புகள்: திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு என்17.9, ஆக்சிஜன் குறைவோடு கூடிய திடீர் சுவாசச் செயலிழப்பு ஜே96.01 என்று.

புதியவர்களை மிகவும் குழப்பும் ஒன்று உண்டு. 2016-இல் வந்த செப்சிஸ்-3 வரையறை 'சிவியர் செப்சிஸ்' என்ற பெயரையே கைவிட்டது. அதைப் பின்பற்றும் மருத்துவர் 'செப்சிஸ், அதனால் ஏகேஐ' (திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு) என்றுதான் எழுதுவார். சிவியர் என்ற சொல் இல்லையே என்று ஆர்65.20-ஐ விட்டுவிடாதீர்கள். செப்சிஸால் உறுப்பு பாதித்தது என்று தொடர்பு எழுதப்பட்டிருந்தால் சிவியர் செப்சிஸ் கோடிங் விதியே பொருந்தும். தொடர்பு எழுதப்படாவிட்டால்தான் கேள்வி. ஏனென்றால் ஏகேஐ நீரிழப்பாலும் வந்திருக்கலாம், சிடி ஸ்கேனுக்குப் போட்ட மருந்தாலும் வந்திருக்கலாம்.

ரத்தக் கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்பதால் செப்சிஸ் இல்லை என்றாகாது. ரத்தத்தில் கிருமி இருந்ததால் மட்டும் செப்சிஸ் என்றும் ஆகாது. அது பாக்டீரீமியா, ஆர்78.81. ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸோடு டாக்சிக் ஷாக் சிண்ட்ரோம் என்று எழுதியிருந்தால் ஏ48.3-ஐயும் மறக்க வேண்டாம்.

ஒரு கற்பனை நோயாளியை வைத்துப் பார்ப்போம். வயது 58, இரண்டாம் வகை சர்க்கரை நோய், வலது முழங்காலுக்குக் கீழே நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ். சேரும்போதே ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் செப்சிஸ், செப்டிக் ஷாக், செப்சிஸால் ஏகேஐ. எல்லாம் மருத்துவர் எழுதியிருக்கிறார். வரிசை இப்படி வரும்: ஏ40.0, ஆர்65.21, எம்72.6, பி95.0, என்17.9, பிறகு சர்க்கரைக் கோடு. ஏ40.0-இலேயே கிருமி இருக்கிறதே, பி95.0 எதற்கு என்று கேட்பார்கள். ஏ40.0 ரத்தத் தொற்றின் கிருமியைச் சொல்கிறது. எம்72.6-க்கு அதன் குறிப்பே தனியாகக் கேட்கிறது. குறிப்பைப் பின்பற்றுவதுதான் பாதுகாப்பு.

6. சர்க்கரை, மருந்து, முந்தைய ஆப்பரேஷன்

சர்க்கரை நோய்க்கும் நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸுக்கும் மருத்துவத்தில் நெருக்கம் உண்டு. கோடிங்கில் அந்த நெருக்கத்தை நீங்களாக ஊகிக்க முடியாது. இண்டெக்ஸில் 'டயாபிட்டிஸ், வித்' என்ற தலைப்பின் கீழ் உள்ளவற்றுக்கு மட்டும்தான் தொடர்பு தானாக எடுத்துக்கொள்ளப்படும். கேங்கிரீன் அங்கே இருக்கிறது, இ11.52-க்குப் போகும். நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ் இல்லை. எனவே 'சர்க்கரையின் சிக்கலாக வந்தது' என்று மருத்துவர் எழுதினால் இ11.69. எழுதாவிட்டால் தனித்தனியாக. சர்க்கரை அளவு எகிறியிருந்ததை மருத்துவர் பதிந்திருந்தால் இ11.65-ஐயும் பாருங்கள். நீண்டகால இன்சுலினுக்கு இசட்79.4, மாத்திரைக்கு இசட்79.84.

மருந்துப் பட்டியலைப் படிக்கச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எஸ்ஜிஎல்டி2 வகைச் சர்க்கரை மருந்துகளோடு ஃபோர்னியர் கேங்கிரீன் வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018 ஆகஸ்ட் 29 அன்று எச்சரித்தது. 2013 மார்ச் முதல் 2018 மே வரை அதற்குத் தெரியவந்த 12 நோயாளிகளில் 5 பேர் பெண்கள். எனவே மருந்துப் பட்டியலில் எம்பாக்ளிஃப்ளோசின், டபாக்ளிஃப்ளோசின் போன்ற பெயர் இருந்து, மருத்துவர் இந்த நோய் அந்த மருந்தின் பக்கவிளைவு என்று எழுதியிருந்தால், முதலில் நோயின் கோடு, பிறகு மருந்தின் பக்கவிளைவுக்கான டி38.3எக்ஸ்5ஏ (T38.3X5A). பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது.

ஆப்பரேஷன் செய்த இடத்திலேயே தொற்று பரவி இந்த நோய் வந்தால் வரிசையே மாறும். காயம், நச்சு அத்தியாயத்தின் டி81.4 (T81.4) குடும்பம் முன்னால் வரும். மேலோட்டமான தையல் இடத் தொற்று டி81.41, ஆழமானது டி81.42, உள்ளுறுப்பு சார்ந்தது டி81.43. செப்சிஸ் இருந்தால் அதற்கடுத்து டி81.44, பிறகு செப்சிஸ் கோடு. இதில் ஒரு பொறி: ஆப்பரேஷனைத் தொடர்ந்த செப்டிக் ஷாக்குக்கு டி81.12 போட வேண்டும், ஆர்65.21 போடக் கூடாது. ஆப்பரேஷனுக்குப் பின் வந்தது என்ற நாள்கணக்கு மட்டும் போதாது, ஆப்பரேஷனால் வந்த சிக்கல் என்று மருத்துவர் எழுதியிருக்க வேண்டும்.

7. டிபிரைட்மென்ட்

இறந்த திசுவை அகற்றும் டிபிரைட்மென்ட்தான் டினையலும் ஆடிட்டும் அதிகம் சுற்றிவரும் இடம். பிசிஎஸ் முறையில் வெட்டி எடுத்தால் எக்ஸிஷன், சுரண்டியோ பிய்த்தோ எடுத்தால் எக்ஸ்ட்ராக்ஷன். இரண்டும் வெவ்வேறு கோடு, டிஆர்ஜியும் (மருத்துவமனைக்கான தொகையைத் தீர்மானிக்கும் நோய்த் தொகுப்பு) மாறலாம்.

எக்ஸிஷன் என்று போட ஆப்பரேடிவ் நோட்டில் ஐந்து விஷயங்கள் கிடைக்கின்றனவா என்று தேடுங்கள்: வெட்டி எடுத்தார் என்ற செயல், கத்தியா கத்தரியா என்ற கருவி, எடுத்த திசு இறந்ததா என்ற வர்ணனை, காயத்தின் தோற்றமும் அளவும், எந்த ஆழம் வரை என்பது. 'ஷார்ப் டிபிரைட்மென்ட்' என்ற சொல் மட்டும் எக்ஸிஷன் ஆகாது. கோடிங் கிளினிக் இதைத் தொடர்ந்து வலியுறுத்துகிறது. கூரான கருவியாலும் சுரண்டலாம் அல்லவா. அதேபோல 'ஃபேசியா வரை டிபிரைட் செய்தேன்' என்பதில் ஒரு ஐயம் இருக்கிறது. ஃபேசியாவையும் வெட்டினாரா, அது தெரியும்வரை வந்து நிறுத்தினாரா? சின்னச் சொல்தான், கோடு முழுக்க அதில் தொங்குகிறது.

ஒரே இடத்தில் பல அடுக்குகளை வெட்டினால் மிக ஆழமான அடுக்குக்கு மட்டும் கோடு. இது பிசிஎஸ் பி3.5 விதி. மேலே சொன்ன கற்பனை நோயாளிக்குத் தோல், கொழுப்பு, ஃபேசியா மூன்றும் வெட்டப்பட்டன என்றால் 0ஜேபிஎன்0இசட்இசட் ஒன்றே போதும்: தோலடித் திசுவும் ஃபேசியாவும், வலது கீழ்க்கால், திறந்த முறை. தசையையும் வெட்டியிருந்தால் தசைக்கான அட்டவணை. வேறு நாளில் மறுபடி ஆப்பரேஷன் செய்தால் அந்த நாளுக்குத் தனிக் கோடு, அன்று வெட்டிய ஆழத்துக்கு ஏற்ப. முதல் நாளின் கோடை அப்படியே நகலெடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டாம் முறை பெரும்பாலும் கழுவிப் பார்த்துவிட்டு மட்டும் வருவார்கள். காலை எடுக்க வேண்டி வந்தால் அது டிடாச்மென்ட், அதற்கு எந்த உயரத்தில் வெட்டினார்கள் என்ற விவரமும் தேவை.

சர்ஜனின் பில்லுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. பிறப்புறுப்பு, பெரினியம் (பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி) என்றால் சிபிடி 11004. வயிற்றுச் சுவர் 11005. இரண்டும் சேர்ந்தால் 11006. இவை நெக்ரோடைசிங் தொற்றுக்கென்றே உள்ளவை. கை கால்களுக்கு இவை பொருந்தாது. அங்கே ஆழமும் பரப்பும் பார்க்கும் பொதுக் கோடுகள்தான். தசை அல்லது ஃபேசியா என்றால் முதல் 20 சதுர செ.மீ.க்கு 11043, அதற்கு மேல் ஒவ்வொரு 20-க்கும் அல்லது அதன் பகுதிக்கும் 11046. வெட்டிய பரப்பு 12 செ.மீ.க்கு 8 செ.மீ. என்றால் 96 சதுர செ.மீ. 11043 ஒன்று, மீதி 76-க்கு 11046 நான்கு. கணக்கில் வருவது வெட்டிய பரப்பு, காயத்தின் முழுப் பரப்பு அல்ல.

கவனித்தீர்களா, பிசிஎஸ்ஸில் ஃபேசியா தோலடிக் கொழுப்போடு ஒரே கூட்டில் இருக்கிறது. சிபிடியில் தசையோடு சேர்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் வேலை செய்பவர்கள் ஒன்றின் பழக்கத்தை மற்றதில் காட்டிவிடக் கூடாது.

ஹைப்பர்பேரிக் (உயரழுத்த) ஆக்சிஜன் சிகிச்சை தரப்பட்டிருந்தால், கேஸ் கேங்கிரீனும் பரவும் நெக்ரோடைசிங் தொற்றும் மெடிகேரின் தேசியக் காப்பு முடிவில், 20.29 எண்ணில், ஏற்கப்பட்ட நோய்களாக இருக்கின்றன.

8. மருத்துவருக்குக் கேள்வி அனுப்பும் முறை

கேள்வி விடையை ஊட்டக் கூடாது. பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. மருத்துவ ஆவணத் துறைச் சங்கங்களான ஏஹிமாவும் அக்டிஸும் சேர்ந்து 2022-இல் புதுப்பித்த குவெரி (மருத்துவருக்கான கேள்வி) நெறிகள் இதில் கண்டிப்பானவை. தலைப்பில்கூட விடை தெரியக் கூடாது.

'நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ் என்று சேர்க்க முடியுமா?' என்று கேட்பது தவறு. இப்படிக் கேளுங்கள்: 'இந்தத் தேதி ஆப்பரேடிவ் நோட்டில், ஃபேசியா சாம்பல் நிறம், விரலால் தடையின்றிப் பிரிந்தது, ரத்தக் கசிவில்லை என்று உள்ளது. பேத்தாலஜியில் ஃபேசியாவில் திசு இறப்பு என்று உள்ளது. போஸ்ட்-ஆப் டயக்னோசிஸில் நெக்ரோடைசிங் சாஃப்ட் டிஷ்யூ இன்ஃபெக்ஷன் என்று உள்ளது. தங்கள் மருத்துவக் கணிப்பின்படி எந்த நோய் என்று தெளிவுபடுத்தவும்.' கீழே பொருத்தமான தெரிவுகள், கூடவே 'வேறு', 'தீர்மானிக்க இயலவில்லை' என்ற இரண்டும். ஆதாரம், அதன் தேதி, அது இருக்கும் ஆவணம் மூன்றையும் கொடுத்தால் மருத்துவர் சார்ட்டைத் தேடி அலைய மாட்டார், பதிலும் சீக்கிரம் வரும்.

நோயாளி வார்டில் இருக்கும்போதே கேட்டுவிடுவது மேல். டிஸ்சார்ஜ் ஆன பிறகு அந்த ரெசிடென்ட் (பயிற்சி மருத்துவர்) வேறு துறைக்குப் போயிருப்பார். மெடிகேரில் பங்கேற்கும் மருத்துவமனை டிஸ்சார்ஜுக்குப் பின் 30 நாட்களுக்குள் ஆவணத்தை முடிக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. இறுதிக் கல்ச்சரும் பேத்தாலஜியும் டிஸ்சார்ஜுக்குப் பிறகு வந்தால் மருத்துவர் அடெண்டம் (பின்சேர்க்கைக் குறிப்பு) எழுதலாம். அதற்கு இடம் விட்டுத்தான் சார்ட்டை மூட வேண்டும்.

'பிராபபிள்', 'சஸ்பெக்டெட்' என்று டிஸ்சார்ஜ் நேரத்திலும் மருத்துவர் எழுதியிருந்தால் இன்பேஷன்ட்டில் அந்த நோய் இருப்பதாகவே கோடு போடலாம். அவுட்பேஷன்ட்டில் முடியாது. முதல் நாள் சந்தேகம் கடைசி நாளில் மறைந்துவிட்டால் எங்குமே முடியாது.

9. பிஓஏ

விலக்குப் பட்டியலில் உள்ளவை தவிர ஒவ்வொரு நோய்க் கோடுக்கும் சேரும்போதே இருந்ததா (பிஓஏ) என்ற குறி வேண்டும்: ஒய் (ஆம்), என் (இல்லை), யு (ஆவணம் போதவில்லை), டபிள்யூ (மருத்துவரால் தீர்மானிக்க இயலவில்லை). எமர்ஜென்சி அறையில் இருந்தபோது தெரிந்ததும் ஒய்தான். கிருமி எது என்று கல்ச்சர் பின்னால் சொன்னாலும், தொற்று முன்பே இருந்தால் கிருமி அடங்கிய கோடுக்கும் ஒய். மருத்துவமனையில் தங்கியபோது வந்த ஏகேஐக்கு ஒய் போட்டுவிடாதீர்கள்.

10. பணமும் கெடுவும்

மருத்துவமனைக்குக் கிடைக்கும் அடிப்படைத் தொகை, டிஆர்ஜியின் எடையை அந்த மருத்துவமனையின் அடிப்படை விகிதத்தால் பெருக்கி வருவது. வெறும் செல்லுலைட்டிஸ் 602 அல்லது 603-இல் விழும். செப்சிஸ் பிரின்சிபலாகி ஆப்பரேஷன் அறைச் சிகிச்சையும் எம்சிசியும் இருந்தால் 853. அவ்வாண்டின் எடைகள் ஐபிபிஎஸ் ஐந்தாம் அட்டவணையில் இருக்கின்றன. ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஆடிட்டர் ஏன் இவ்வளவு குடைகிறார் என்று புரியும்.

மெடிகேருக்குப் பில் அனுப்பச் சேவை நாளிலிருந்து ஓராண்டு அவகாசம். கோடு குறைவாகப் போட்டுவிட்டோம், டிஆர்ஜி உயர வேண்டும் என்று பிறகு தெரிந்தால் மறுபரிசீலனை கேட்க 60 நாட்கள்தான். கல்ச்சருக்குக் காத்திருக்காமல் அவசரமாக மூடிய சார்ட்டுகள் இந்த 60 நாளில்தான் சிக்கிக்கொள்கின்றன. மெடிகேர் மறுப்பை எதிர்த்து முதல்கட்ட மேல்முறையீட்டுக்கு, முடிவு கிடைத்ததிலிருந்து 120 நாட்கள். தனியார் காப்பீடுகளுக்கு ஒப்பந்தத்தில் உள்ள நாட்களே கணக்கு, பலவற்றில் இதைவிடக் குறைவு.

11. டினையல் வந்தால்

கடிதத்தை இரண்டாகப் பிரித்துப் படியுங்கள். ஒன்று, கோடிங் விதியை மீறியதாகச் சொல்வது. மற்றது, நோயே இல்லை என்று சொல்வது, அதாவது கிளினிக்கல் வேலிடேஷன். முதலாவதற்கு நெறிமுறையின் பத்தி எண்ணோடு நீங்களே பதில் எழுதலாம். கோடு என்பது புரொவைடர் எழுதிய நோயறிதலை வைத்துப் போடப்படுவது என்ற ஐ.ஏ.19 விதி உங்களுக்குத் துணை நிற்கும். இரண்டாவதற்கு அந்த விதியைக் காட்டிப் பயனில்லை. அது மருத்துவரோடு சேர்ந்து எழுத வேண்டிய பதில்.

செப்சிஸ் மறுக்கப்பட்டால், பேயர் பழைய வரையறையான செப்சிஸ்-2-ஐ வைத்துப் பேசுகிறாரா, செப்சிஸ்-3-ஐயா என்று முதலில் பாருங்கள். ஒப்பந்தத்தில் எது எழுதப்பட்டிருக்கிறது என்று உங்கள் மேலாளரிடம் கேளுங்கள். செப்சிஸ்-3 என்றால் உறுப்புச் செயலிழப்பை அளக்கும் சோஃபா மதிப்பெண் 2 அல்லது அதற்கு மேல் உயர்ந்ததைக் காட்ட வேண்டும்: ரத்த அழுத்தம் ஏற்ற மருந்து தொடங்கிய நேரம், கிரியாட்டினின் அளவுகள், பிளேட்லெட், பிலிருபின், ஆக்சிஜன் அளவு. நேரத்தோடு எழுதுங்கள். எம்72.6 மறுக்கப்பட்டால் முதல் ஆப்பரேடிவ் நோட், பேத்தாலஜி அறிக்கை, சிடி அறிக்கை, எல்ரினெக் மதிப்பெண்ணுக்கான ஆய்வக எண்கள், குவெரியும் அதற்கு வந்த பதிலும். குவெரியைச் சார்ட்டின் பகுதியாகச் சேமிக்காத மருத்துவமனைகளும் உண்டு. அப்படியென்றால் அந்தப் பதில் அடெண்டமாக ஆவணத்தில் ஏறியிருக்கிறதா என்று கடிதம் அனுப்புமுன் பார்த்துவிடுங்கள்.